கிடங்குச் சுவரோரம் ஒரு குருவிக்கூண்டு

லவ் பேர்ட்ஸ் வளர்த்தோம் என்று நம் வயதுக்காரர்கள் யாராவது சொன்னால் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். தினைக் கிண்ணத்தை ஊதினீர்களா? முழிப்பார்கள். ஊதாதவர்கள் குருவி வளர்க்கவில்லை, வீட்டில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் குருவி தினையை அப்படியே முழுங்காது. அலகிலேயே தோலை உரித்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, உமியைத் திரும்பவும் கிண்ணத்திலேயே போட்டுவிடும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கும். நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்டினி கிடந்து செத்த குருவிகள் நம் ஊர்களில் ஏராளம்.

இதை எனக்குக் காட்டித் தந்தது அம்மா. அம்மாவுக்கு யாரும் காட்டித் தரவில்லை, தானே கண்டுபிடித்தாள். எண்பதுகளின் தொடக்கம் அது. போடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு சோடி குருவி வந்த வருசம். நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்டது என்னவோ தையல் மிஷின்தான். அப்பா ஏலக்காய் வியாபார விசயமாக மதுரைக்கு ரயிலில் போகும்போதெல்லாம் அம்மா வாசல்வரை வந்து மிஷினை நினைவுபடுத்துவாள். அந்தச் சித்திரையில் அப்பா ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் கீச்சுகீச்சென்று சத்தம்.

"தையல் மிசினு கேட்டா குருவியக் கொண்டாந்திருக்கீக? இது என்ன, சட்டையா தச்சுக் குடுக்கும்?"

"மிசினு அடுத்த தடவ வாங்குவோம். இதுக பாட்டுக்குக் கெடக்கும்த்தா. ஒரு சோலியும் இல்ல."

அப்பா தன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது. ஒரு சோலியும் இல்லையாம்! ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். பச்சை ஆண் என்றும் மஞ்சள் பெண் என்றும் விற்றவன் சொல்லியிருந்தான். மூக்குக்கு மேலே பச்சைக்கு நீலமாகவும் மஞ்சளுக்குப் பழுப்பாகவும் இருக்கும், அதுதான் அடையாளம். தச்சாசாரி ஒருவர் ஏலக்காய் தரம் பிரிக்கிற பழைய சல்லடைக் கம்பியை அடித்துக் கூண்டு செய்து கொடுத்தார். உட்காருவதற்கு வழவழவென்று இழைத்த உருளைக் கட்டை ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார். அழகுதான், ஆனால் குருவி அதில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தவித்தது. அம்மா இரண்டு நாள் பார்த்தாள். பிறகு கட்டையைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லையிலிருந்து கொய்யாக் குச்சி ஒடித்து வந்து சொருகினாள். ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் மெல்லிசாகவும் இருக்கிற குச்சியில்தான் குருவிக்குக் கால் வலிக்காது. ஆசாரிக்கு மனத்தாங்கல்.

மிஷினுக்காகக் கோபித்துக்கொண்டிருந்தவள் ஒரே மாதத்தில் குருவிக்கு அடிமையாகிவிட்டாள். விடிந்ததும் கூண்டின் மேல் போர்த்தியிருந்த அப்பாவின் பழைய வேட்டியை எடுப்பாள். அடித்தட்டை உருவிப் பேப்பரை மாற்றுவாள். தண்ணீர்க் கிண்ணத்தை விரல் விட்டு வழுவழுப்பு போகத் தேய்ப்பாள். "நாம குடிப்பமா இதுல? குடிக்க மாட்டம்ல? பெறகு அதுக்கு மட்டும் என்னவாம்" என்பாள். தினையை ஊதி, குறைந்ததை நிரப்பி, கழுவிய கொத்தமல்லியை ஈரத்தோடு கம்பியில் சொருகுவாள். அந்த ஈர இலையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் குருவிகள் குளிக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று ஒரு வெள்ளை ஓடு விற்பார்களே, கணவாய் மீனின் ஓடு, அதில் ஒரு துண்டு எப்போதும் தொங்கும். அதைக் கொறித்தால்தான் அலகு அளவாகத் தேயும், முட்டை ஓடும் கெட்டிப்படும். எறும்பு ஏறாமலிருக்கக் கூண்டு தொங்கும் கொக்கியில் விளக்கெண்ணெய்த் துணி சுற்றியிருப்பாள். இளவெயில் படும் முற்றத்தில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, வெயில் சுள்ளென்று ஏறுமுன் உள்ளே எடுத்துவிடுவாள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எனக்குச் சடை பின்னல். குருவிக்குப் பிறகுதான் நான் என்று அப்போது எனக்கு ஒரு சின்னப் பொறாமை இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

அப்படியே ஆவணி, புரட்டாசி போயிற்று. மலையில் காய் எடுப்பு மும்முரமானது. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கும் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. அங்கே பச்சை நிறம் மாறாமல் உலர்த்திய காய் ஜீப்பில் இறங்கி எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கிடங்குக்கு வரும். வெளித்தோட்டங்களிலிருந்தும் அப்பா வாங்குவார். காம்பைக் கிள்ளித் தரம் பிரிக்க ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

வடக்கத்தி வியாபாரிகளுக்கு அப்போது வெள்ளைக்காய் மேல் மோகம். பச்சைக் காயை நனைத்துத் தட்டுகளில் பரப்பி, கிடங்கின் உள்ளறையில் அடுக்கி, இரும்புச் சட்டியில் கந்தகத்தைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணிப்பார்கள். மறுநாள் காலையில் திறந்தால் காய் வெளுத்திருக்கும். பிறகு கரியடுப்பு வைத்து உலர்த்துவார்கள். அப்பா இந்தத் தொழிலில் இறங்கியது அதற்கு முந்தைய வருசம்தான். கதவு திறக்கிற காலையில் வீடெல்லாம் பட்டாசு வெடித்த வாசம் வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். தீபாவளி ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டதுபோல மூக்கை நீட்டி இழுப்பேன். பெரியக்காவும் மற்றவர்களும் சேலை முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, சிவந்த கண்ணோடு தட்டுகளை வெளியே தூக்கி வருவார்கள். அதுவும் அந்தச் சோலியில் ஒரு பகுதி என்றுதான் நினைத்தோம்.

ஐப்பசி அடைமழையில் அம்மாவுக்கு இளைப்பு வந்தது. போன வருசமும் இதே பருவத்தில் வந்திருந்தது. இந்த வருசம் இன்னும் மோசம். மூச்சை இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போகும், இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது. குளிர்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். இளைப்புக்காரருக்குக் கதகதப்பு வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலேயே கதகதப்பான இடம் கிடங்கை ஒட்டிய அறை. அந்தப் பக்கம் கரியடுப்பு எரிவதால் மழைக்காலத்திலும் சுவர் வெதுவெதுவென்று இருக்கும். அப்பாவே கட்டிலைத் தூக்கி அங்கே போட்டார். அம்மா அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள்.

அதே வாரத்தில் குருவிகளும் சுணங்கின. இறகைச் சிலுப்பிக்கொண்டு பந்துபோல உட்கார்ந்தன. குரலே இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. நன்றாக இருக்கிற குருவிக்கு வால் அப்படி ஆடாது. குருவிக்கும் குளிர்தான் என்று முடிவாயிற்று. கூண்டையும் கொண்டுபோய் அம்மாவின் தலைக்கு மேலே அதே சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். அன்போடுதான் செய்தார்கள், அதை மறுக்க முடியாது. அப்பா தினமும் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்து, சூடு குறைந்திருந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கரி போடச் சொல்லுவார்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஊசி போட்டுவிட்டு, வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று விசாரித்தார் டாக்டர். நாய், பூனை, பஞ்சு மெத்தை என்று கேட்டுக்கொண்டே வந்தவரிடம் நான் முந்திக்கொண்டு குருவி இருக்கிறது என்றேன். "அப்படிச் சொல்லுங்க" என்று பேனாவை மூடினார். "இறகுத் தூசிதான். முதல்ல அதை வீட்டைவிட்டு வெளியேத்துங்க."

பெரியம்மாவின் வாய்க்கு அவல் கிடைத்தது. பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி, அடுத்த வீடு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீதிபதி.

"நாந்தேன் அன்னைக்கே சொன்னேன்ல? வீட்டுல எறகு உதுந்தா வெளங்குமா? தோட்டத்து வீட்டுக்கு அனுப்பிவிடு. காவக்காரன் பாத்துக்கிருவான்."

"போன வருசமும்... எளப்பு வந்துச்சுக்கா" என்றாள் அம்மா, மூச்சு வாங்க. "அப்பக் குருவி... எங்கிட்டு இருந்துச்சு?"

நல்ல கேள்வி. ஆனால் கேள்வி கேட்டது நோயாளி, அதனால் அது கணக்கில் சேரவில்லை. ஜீப்பு காலையில் புறப்படுகிறது என்று அப்பா சொன்னார்.

காலையில் ஜீப்பு வாசலில் நின்றபோது அம்மா சேலை மாற்றி, ஒரு கையில் கூண்டும் ஒரு கையில் தினைப் பையுமாக வெளியே வந்தாள். "காவக்காரனுக்கு உமி ஊதத் தெரியுமா? கிண்ணம் நெறஞ்சிருக்குன்னு பட்டினி போட்ருவான். நானும் போறேன்" என்றாள்.

"மலைக் குளிருக்கா? ஒனக்கென்ன கிறுக்காத்தா புடிச்சிருக்கு? எளப்போட மேல போனவ திரும்பி வந்ததில்ல" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா முதலில் கோபப்பட்டார், பிறகு கெஞ்சினார். அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பேசினால் மூச்சு செலவாகும் என்று பேசவே இல்லை. அப்பா என்ன நினைத்தாரோ, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லி என்னையும் பின்னால் ஏற்றிவிட்டார். இப்போது யோசித்தால், அம்மாவைத் தனியே அனுப்பப் பயந்திருக்கிறார் என்று புரிகிறது. எனக்கு அன்று புரிந்ததெல்லாம் பள்ளிக்கூடம் இல்லை என்பது மட்டும்தான்.

வளைவு வளைவாக ஜீப்பு ஏறியது. கூண்டைச் சுற்றிக் கம்பளி. உள்ளே இரண்டும் செத்ததுபோல இருந்தன. மெட்டைத் தாண்டியதும் மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது. நான் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்குகிறதா, ஏறி இறங்குகிறதா என்று. அம்மா செத்துப்போவாள் என்று நான் முழுதாக நம்பியது அந்த ஜீப்பில்தான். அழுதால் டிரைவர் அண்ணன் வண்டியைத் திருப்பிவிடுவாரோ என்று அழவும் இல்லை.

தோட்டத்து வீடு சின்னது, தகரக் கூரை. கூண்டை வைக்க அம்மா இடம் தேடினாள். சன்னல் பக்கம் வைத்தால் நேர்க்காற்று. அடுப்பங்கரையில் வைத்தால் விறகுப் புகை. கடைசியில் கிழக்குப் பார்த்த அறையின் மூலையில், காற்று நேராக அடிக்காமல் வெளிச்சம் மட்டும் வருகிற இடத்தில் மாட்டினாள். இரவில் கம்பளியைப் போர்த்தி முன்பக்கம் ஒரு சாண் திறந்து வைத்தாள். பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் மலையாளத்துச் சேச்சி ஒருவர் இருந்தார். வந்து எட்டிப் பார்த்து, "அய்யோ பாவம் கிளி. சுகமில்லையா?" என்றார். எது கிளிக்கு, எது அம்மாவுக்கு என்று தெரியவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் பச்சை கத்தியது. பிறகு மஞ்சள் பதில் சொன்னது. தகரத்தில் மழை விழும் சத்தத்தையும் மீறி இரண்டும் கடைத்தெருப் பெண்கள்போலச் சண்டை பிடித்தன. வால் ஆடவில்லை. அம்மா கூண்டுக்கு முன்னால் நின்று, "அடேயப்பா, என்ன பேச்சு, என்ன பேச்சு! ஒங்களப் பேச விட்டா ஊரே தாங்காது போலயே" என்றாள். அம்மா ஒரே மூச்சில் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. தினைப் பையைக் கேட்கிறேன் என்று நினைத்துக் கையில் கொடுத்தாள்.

கார்த்திகை, மார்கழி இரண்டும் அங்கேயே போயின, என் பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று. அந்தக் குளிரில் அம்மாவுக்கு ஒரு நாள்கூட இளைக்கவில்லை. கீழே ஊரில் பேச்சு வேறு மாதிரி நடந்தது. புருசனோடு சண்டை, குருவியைச் சாக்காக வைத்து மலையேறிவிட்டாள் என்றார்கள். குருவிக்காகக் குடும்பத்தை விட்டவள் என்று பெரியம்மாவே யாரிடமோ சொன்னாளாம். வாய்க்கு ருசியான எதையும் ஊர் ஆறப்போடாது. லோடு ஏற்ற வரும்போதெல்லாம் அப்பா திண்பண்டம் கொண்டுவருவார், அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், மலையிறங்கிவிடுவார்.

பொங்கலுக்கு எங்களை அழைத்துப்போக அவரே வந்தார். இளைப்புதான் போய்விட்டதே, குருவியும் தேறிவிட்டதே, இனி என்ன என்றார். எங்களை வரவேற்க வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார். கிடங்கை ஒட்டிய அறையில் புதுப்பாய் விரித்திருந்தது. தைக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சுவரைச் சூடாக்கி வைத்திருந்தார். கூண்டுக்கு அதே ஆணி.

மறுநாள் காலையில் கிடங்கைத் திறந்தார்கள். பட்டாசு வாசம் வந்தது. சற்று நேரத்தில் மஞ்சள் குச்சியிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. அம்மா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழ முயன்றாள், முடியவில்லை. மூச்சு விசில் அடித்தது, உதடு நிறம் மாறியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். தூக்கிப்போகிற நிலையில் அம்மா இல்லாததால் டாக்டரையே கையோடு அழைத்து வந்தார்.

டாக்டர் அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாங்கள்தான் அவரிடம் போவோம். அறைக்குள் காலை வைத்ததும் அவருக்கே இருமல் வந்தது. கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னய்யா நெடி இது?"

"காய்க்குப் போடுற கந்தகப் பொகைங்கய்யா. நல்லதுதானுங்களே? கிருமியெல்லாம் செத்துப்போகும்ல."

டாக்டர் அம்மாவின் கையிலிருந்த மஞ்சளைப் பார்த்தார். "கிருமி மட்டுமாய்யா சாகுது?" என்றார். "மொதல்ல இவங்களத் தூக்கி வாசலுக்குக் கொண்டாங்க. வெரசா!"

வாசலில் போட்ட கயிற்றுக் கட்டிலில், ஊசிக்குப் பிறகு, அம்மாவுக்கு மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. அப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் அழுது பார்த்தது அன்றைக்குத்தான். இறகுத் தூசி என்று சொன்னதைப் பற்றி டாக்டரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும், "எதுக்கும் குருவியும் இல்லாம இருந்தா நல்லதுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தோற்றாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள்.

அந்த வாரமே அப்பா வெள்ளைக்காய் வேலையை ஊருக்கு வெளியே மாற்றினார். ராசிங்காபுரத்தில் எங்கள் காட்டில் ஒரு பழைய மோட்டார் ரூம் இருந்தது, அதை ஒட்டி அறை கட்டி, சட்டியும் தட்டுகளும் அங்கே போயின. பச்சைக்கு மதுரையிலிருந்து புதுத்துணை வந்தது. அம்மா ஒரு மண் கலயத்தைப் படுக்கைவாக்கில் கூண்டுக்குள் கட்டி வைத்தாள். முட்டை வைத்து, குஞ்சு பொரித்து, அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு கூண்டு இரண்டாயிற்று. அம்மாவுக்கு அந்த ஐப்பசியில் இளைப்பு எட்டிப் பார்க்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை கதை சுபம்.

அந்தப் பருவத்தின் நடுவில் ஒருநாள் சாயங்காலம் பெரியக்கா வீட்டுக்கு வந்தார். ராசிங்காபுரத்தில் வேலை முடிந்து நேராக வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா முற்றத்தில் கூண்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியக்கா ஒரு முறை இருமி முடித்து, கூண்டுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"தாயி, குஞ்சுக பெருத்துப்போச்சே. எங்களுக்கு ஒரு சோடி குடேன்."

"அதுக்கென்னக்கா, தாராளமா எடுத்துக்கங்க. புள்ளைக வெளாடவா?"

"வீட்டுக்கு இல்ல தாயி. ராசிங்காபுரத்துக்கு. அந்தப் பொகை ரூமுல தொங்கவிடணும்."

அம்மா கழுவிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, பதறிப்போய்ச் சொன்னாள்: "ஐயையோ, அங்ஙன வச்சா செத்துப்போகுமேக்கா!"

பெரியக்கா அம்மாவின் முகத்தையே பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்புக்கூட லேசாக இருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அப்பாவின் தட்டுச் சத்தம் நின்றிருந்தது.

குருவி கொடுக்கவில்லை. அன்று ராத்திரி அம்மாவும் அப்பாவும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ராசிங்காபுரத்து அறையில் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து உர மூட்டைகள்தான் இருந்தன. எங்கள் வீட்டுக் காய் பச்சையாகவே ஏலத்துக்குப் போனது. ஏன் வெள்ளைக்காயை விட்டீர்கள் என்று யார் கேட்டாலும், வடக்கே சந்தை மாறிப்போச்சு, இப்பப் பச்சைக்குத்தான் கிராக்கி என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்திலேயே நிற்பாள். ஒரு தடவைகூட மறுத்துச் சொன்னதில்லை.